ஆக்சிமீட்டர்ல 98 காட்டுது, ஆனா மூச்சு முட்டுது

கேள்வி (2021 ஆகஸ்ட்ல வந்த நீளமான லெட்டர், இங்க சுருக்கிப் போட்டிருக்கு): வணக்கம் டாக்டர். எனக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். இன்ஜினியரிங், ஈசிஇ, இப்போ ஃபைனல் இயர். எங்க வீட்ல சிக்னல் எடுக்காது, அதனால பக்கத்து ஊர்ல இருக்க ஃப்ரெண்ட் வீட்டுக்கு தினம் போய்தான் ஆன்லைன் கிளாஸ் அட்டெண்ட் பண்ணுவேன். மே மாசம் அவனுக்கு காய்ச்சல் வந்துச்சு, மூணு நாள்ல எனக்கும் வந்துருச்சு, கொரோனா டெஸ்ட்ல பாசிட்டிவ். அடுத்து எங்க அப்பத்தாவுக்கு. நான் வீட்லயே சரியாயிட்டேன், அப்பத்தா ஒன்பது நாள்ல ஆஸ்பத்திரியில போயிருச்சு. மூஞ்சிய கூட பாக்கல, பையில சுத்தி நேரா சுடுகாட்டுக்கு கொண்டு போயிட்டாங்க. எங்க அத்தை எல்லார் முன்னாடியும் "ஊர் சுத்தி கொண்டாந்து கெழவிய கொன்னுட்டான்"னு சொல்லிருச்சு. ஜூன்ல இருந்து ராத்திரி ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, விரல் எல்லாம் மரத்துப் போகுது. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்குறேன், 98, 99தான் காட்டுது. ஈசிஜி, ரத்தம், தைராய்டு எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல டென்ஷன்தான்னு அனுப்பிட்டாங்க. தூக்கம் விடியக்காலை 4 மணிக்குதான் வருது, தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் குடுத்த மாத்திரைய பாதி பாதியா போடுறேன். முடி வேற கொத்து கொத்தா கொட்டுது. கழுத்து வலி, தலைவலி. அம்மா பேயோட்டுற கோடாங்கிகிட்ட போலாம்னு சொல்லுது. செப்டம்பர் 1 காலேஜ் திறக்குறாங்க, எப்படி போவேன்னே தெரியல. சில நேரம் அப்பத்தாவுக்கு பதிலா நான் போயிருக்கலாம்னு தோணுது.

பதில்: தம்பி, கடைசி வரியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அத நீ போற போக்குல எழுதின மாதிரி எழுதியிருக்க, ஆனா நீ எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்னு எனக்கு படுது. நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. "நான் போயிருக்கலாம்"ங்கிறது துக்கத்துல வர்ற நினைப்பா, இல்ல எப்படி சாகலாம்னு யோசிக்கிற அளவுக்கு போயிருக்கா? ரெண்டாவதுன்னா இந்த பதில முழுசா படிக்கிறத அப்புறம் வச்சுக்கோ. இப்பவே அப்பாவையோ அம்மாவையோ எழுப்பி "எனக்கு இப்படி தோணுது"ன்னு சொல்லு, ராத்திரி ஒரு மணியா இருந்தாலும் சரி. 104க்கு போன் போடு, தமிழ்நாடு அரசோட நம்பர்தான், எந்நேரமும் எடுப்பாங்க. சென்னையில சினேகான்னு ஒரு அமைப்பு 1986ல இருந்து இதுக்காகவே இருக்கு, 044-24640050. திட்ட மாட்டாங்க, போலீஸ்ல சொல்ல மாட்டாங்க, நீ பேசுறத கேப்பாங்க. முதல் வகைன்னாலும் இத வீட்ல ஒரு ஆளுக்காவது சொல்லி வை, ஏன்னா முதல் வகை தனியாவே கிடந்தா ரெண்டாவதா மாற ரொம்ப நாள் ஆகாது.

சரி, இப்போ நெஞ்சு படபடப்புக்கு வர்றேன். ஈசிஜி நார்மல்னா அத எடுத்த நேரத்துல இதயத்துல கோளாறு எதுவும் தெரியலன்னுதான் அர்த்தம், உனக்கு படபடப்பே இல்லன்னு அர்த்தம் இல்ல. இத சொல்லாம "டென்ஷன்தான், போங்க"ன்னு அனுப்புறதுதான் எங்க தொழில்ல நாங்க பண்ற பெரிய தப்பு. அந்த டாக்டர குறை சொல்லல, மே ஜூன்ல ஓபி கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். ஆனா பாதிக்கப்பட்டவன் காதுல அது "நீ நடிக்கிற"ன்னுதான் விழும்.

நடக்குறது இதுதான். தீபாவளிக்கு மறுநாள் தெரு நாய பாத்திருக்கியா, வெடியெல்லாம் முடிஞ்சு போச்சு, ஆனா யாராவது ஒரு தட்ட கீழ போட்டா போதும், வால சுருட்டிக்கிட்டு ஓடும். உன் உடம்பு இப்போ அந்த நிலைமையிலதான் இருக்கு. மே மாசம் முழுக்க ராத்திரி ஆனா 108 சத்தம், வாட்ஸ்அப்புல ஆக்சிஜன் பெட் இருக்கான்னு மெசேஜ், வீட்டுக்குள்ள இருமல் சத்தம். உடம்பு பயத்துல வர்ற அட்ரினலின்ங்கிற ஹார்மோன சுரந்து சுரந்து பழகிருச்சு. இப்போ ஆபத்து போயிருச்சு, ஆனா ராத்திரி அமைதியானதும் அதுவா ஒரு தடவ சைரன் அடிச்சு பாக்குது. அட்ரினலின் வந்தா இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும். மூச்சு தேவைக்கு மேல வேகமா போனா ரத்தத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிடும், அது குறைஞ்சா விரல் நுனி, உதட்ட சுத்தி எல்லாம் மரத்துப் போகும், தலை கிறுகிறுக்கும், அதோட ஒரு வேடிக்கை என்னன்னா மூச்சு பத்தலங்கிற மாதிரியே இருக்கும். அதாவது நீ ஏற்கனவே அதிகமா மூச்சு விட்டுட்டு இருக்க, ஆனா இன்னும் வேணும் இன்னும் வேணும்னு தோணுது. அதனாலதான் அந்த நேரத்துலயும் ஆக்சிமீட்டர் 98, 99 காட்டுது. மெஷின் பொய் சொல்லல, நீயும் பொய் சொல்லல.

அந்த நேரத்துல இழுத்து இழுத்து மூச்சு வாங்காத, வெளிய விடுறதுதான் முக்கியம். சூடா ஒரு டீய கையில வச்சிருந்தா எப்படி உதட்ட குவிச்சு மெதுவா ஊதுவ, அந்த மாதிரி ஊதி விடு. உள்ள இழுக்க நாலு எண்ணுனா வெளிய விட ஆறு எண்ணு. அஞ்சு நிமிஷம் பண்ணு. முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் நடக்காது, "இந்த டாக்டர் சும்மா சொல்லிட்டாரு"ன்னு தோணும், விடாம பண்ணு. இன்னொண்ணு, இந்த மாதிரி வர்றது பத்து நிமிஷத்துல உச்சிக்கு போயி அரை மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் தானா இறங்கிடும். நீ எதுவுமே பண்ணலன்னாலும் இறங்கும்.

ஆக்சிமீட்டர பத்தி கொஞ்சம் பேசணும். செகண்ட் வேவ்ல அது நல்ல பொருள்தான், 94க்கு கீழ போனா ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு சொல்லி எத்தனையோ பேர காப்பாத்துச்சு, அப்போ கடையில கிடைக்காம ரெண்டு மடங்கு விலை குடுத்து வாங்கினாங்க. ஆனா நீ இப்போ பண்றது செக் பண்றது இல்ல தம்பி, அது வேற. ஒவ்வொரு தடவ 98 பாக்கும்போதும் ரெண்டு நிமிஷம் நிம்மதி கிடைக்குதுல்ல, அந்த ரெண்டு நிமிஷம்தான் உன்ன புடிச்சு வச்சிருக்கு. அது தீந்ததும் மறுபடி சந்தேகம், மறுபடி மாட்டு. கை ஜில்லுன்னு இருந்தாலே 93, 92ன்னு கண்டபடி காட்டும், அன்னிக்கு உன் ராத்திரி அவ்ளோதான். நான் பெரிய ஆள் மாதிரி பேசல, போன வருஷம் கோவிட் ட்யூட்டி பாத்த நாள்ல காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா காபித்தூள் டப்பாவ திறந்து மோந்து பாப்பேன், வாசனை தெரியுதான்னு. ஒரு தடவ இல்ல, ஆறு ஏழு தடவ. வீட்ல கடைசியில டப்பாவ ஒளிச்சு வச்சாங்க. அதனால சொல்றேன், பேட்டரிய கழட்டி அம்மாகிட்ட குடுத்துரு. காய்ச்சல் வந்தா மட்டும் வாங்கி போடு.

உடம்புல நிஜமாவே கோவிட் விட்டுட்டு போனதும் கொஞ்சம் இருக்கு, எல்லாத்தையும் மனசு மேல தூக்கிப் போடக் கூடாது. முடி கொட்டுறது அதுலதான் வரும். பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டும், டைபாய்டு, பிரசவம் எல்லாத்துக்கும் அப்படித்தான். உனக்கு மே மாசம் காய்ச்சல், இப்போ ஆகஸ்ட், கணக்கு சரியா வருது. அதுவா நின்னுரும், வழுக்கை ஆகாது, எண்ணெய் விளம்பரத்துக்கு காச கொட்டாத. மாடி ஏறினா அசதி, எந்திரிச்சு நின்னா கொஞ்ச நேரம் படபடப்பு, இதுவும் சில மாசம் இருக்கலாம். ஆனா வேலை செய்யும்போது நெஞ்சு வலிச்சா, மயங்கி விழுந்தா, ஒரு கால் மட்டும் வீங்கினா, அது நான் சொல்ற கதையில சேராது, உடனே போய் காட்டணும்.

கழுத்து வலிக்கும் தலைவலிக்கும் பெரிய மர்மம் எதுவும் இல்ல. ஒன்றரை வருஷமா நீங்க எல்லாரும் போன மடியில வச்சுக்கிட்டு தலைய தொங்கப் போட்டு ஆறு மணி நேரம் கூகுள் மீட்டுல கிடந்தீங்க. நாலு தடிமனான புக்க அடுக்கி போன கண்ணுக்கு நேரா வை. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா தூரத்துல இருக்க மரத்த இருபது செகண்ட் பாரு. போதும்.

தூக்கத்துக்கு ராத்திரி பக்கம் இருந்து போனா வழி கிடைக்காது, காலையில இருந்து புடிக்கணும். எத்தனை மணிக்கு தூங்கினாலும் 7 மணிக்கு எந்திரி, நாலு மணிக்கு தூங்கியிருந்தாலும் 7 மணிக்குத்தான். எந்திரிச்ச உடனே வெளிய வெளிச்சத்துக்கு போ, மாட்டுக்கு தண்ணி காட்டு, வயக்காட்டுக்கு நட, என்னமோ ஒண்ணு. மத்தியானம் தூங்காத. மூணு நாலு நாள் பொணம் மாதிரி இருக்கும், அம்மா என்னைய திட்டுவாங்க, பரவால்ல. அப்புறம் பதினொண்ணு பன்னெண்டுக்கு கண்ணு தானா சொக்கும். தூக்கம் வராம அரை மணி நேரம் புரண்டா பாய விட்டு எந்திரிச்சு திண்ணையில உக்காரு, போன தொடாத. அந்த பாதி மாத்திரை என்னன்னு எழுதல, ஆனா எனக்கு ஓரளவு தெரியும். அந்த வகை தூக்க மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, சில வாரத்துலயே உடம்பு அதுக்கு பழகிரும், ஆனா பழகினவங்க டக்குன்னு நிறுத்தினா படபடப்பு இன்னும் ஜாஸ்தியாகும். அதனால நீயா கூட்டவும் வேணாம், நீயா பட்டுன்னு நிறுத்தவும் வேணாம், அட்டைய எடுத்துட்டு டாக்டர்கிட்ட போ.

இப்போ அப்பத்தா.

உன் லெட்டர்ல எல்லாரும் உன்கிட்ட சொல்லியிருக்கதா எழுதியிருக்க, "உன்னால இல்லடா, விடுடா"ன்னு. அப்படி சொன்னது உனக்கு துளியும் உதவலன்னும் எழுதியிருக்க. உதவாதுதான், ஏன்னா அது நிஜமா இல்லையான்னு அவங்களுக்கே தெரியாதுன்னு உனக்கு தெரியும். நான் அந்த பொய்ய சொல்லப் போறது இல்ல. உன்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம். மே 8, 9 ரெண்டு நாளும் ஊரடங்குக்கு முன்னாடி கடையெல்லாம் திறந்து பஸ்ஸெல்லாம் ஓடுச்சே, அப்போ சென்னையில இருந்து உங்க சித்தப்பா குடும்பம் வந்து தங்கினதா எழுதியிருக்க, அவங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம். மே 15க்கு மேல கவர்ன்மென்ட் குடுத்த கொரோனா நிவாரணம் ரெண்டாயிரம் ரூபா வாங்க உங்க அம்மா ரேஷன் கடை வரிசையில நின்னாங்க, அங்க இருந்தும் வந்திருக்கலாம். உங்க அப்பா தினம் காய்கறி மார்க்கெட்டுக்கு போனாரு. இந்த கிருமி உள்ள போய் ரெண்டு நாள்லயும் வெளிய தெரியும், பதினாலு நாள் கழிச்சும் தெரியும், காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு பரவும். யார்கிட்ட இருந்துன்னு இனி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, உங்க அத்தையாலயும் முடியாது.

ஆனா பேச்சுக்கு உன்கிட்ட இருந்துதான்னே வச்சுப்போம். அப்போ ஒரு கேள்வி. உனக்கு உன் ஃப்ரெண்டுகிட்ட இருந்து வந்துச்சு. அவன நீ கொலகாரன்னு நினைக்கிறியா? சிக்னல் இல்லாதவனுக்கு வீட்டு வாசல திறந்து விட்டு, சார்ஜ் போட பிளக் குடுத்து, அவங்க அம்மா மத்தியானம் சோறும் போட்டாங்க. கவர்ன்மென்ட் குடுத்த அந்த 2 ஜிபி டேட்டா கார்டு ஏப்ரலோட முடிஞ்சதுக்கு அப்புறம் அவன் வைஃபைலதான நீ இன்டர்னல் எழுதின? அவன் மேல உனக்கு கோவம் கூட இல்ல, லெட்டர் முழுக்க தேடிட்டேன், ஒரு வரி இல்ல. அவனுக்கு குடுத்த நியாயத்த ஏன் உனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்கிற?

மே மாசத்துல இருந்து அவன்கிட்ட பேசலன்னு எழுதியிருக்க. நீ ஏன் பேசலன்னு உனக்கு தெரியும், மூஞ்சிய பாத்தா எல்லாம் ஞாபகம் வரும்னு. அவன் ஏன் பேசலன்னு யோசிச்சியா? என் அனுபவத்துல சொல்றேன், இந்த மாதிரி சங்கிலியில ஒவ்வொருத்தனும் தான்தான் குடுத்தோம்னு ஒரு மூலையில உக்காந்திருப்பான். "நம்ம வீட்டுக்கு வந்ததாலதான் அவனுக்கு வந்துச்சு, அவங்க அப்பத்தா போயிருச்சு"ன்னு அவனும் ராத்திரி கூரைய பாத்துக்கிட்டு கிடக்கலாம். ஒரு போன் போடு. பெருசா எதுவும் பேச வேணாம், "காலேஜுக்கு எந்த பஸ்ல போலாம்"னு கேளு.

தப்பு பண்றதுக்கும் ஒரு விஷயம் நம்ம வழியா நடந்துடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. காய்ச்சல்னு தெரிஞ்சும் மறைச்சு அப்பத்தா பக்கத்துல படுத்தியா? இல்ல, கிளாஸ் அட்டெண்டன்ஸ் போயிருமேன்னு போன, காய்ச்சல் வந்ததும் நீயே போய் டெஸ்ட் குடுத்த, ரிசல்ட் வர்ற ரெண்டு நாளும் ரெண்டே ரூம் இருக்க வீட்ல வேற எங்கதான் படுப்ப. அந்த அட்டெண்டன்ஸ் எடுத்தவங்கள யாரும் கொலகாரன்னு சொல்லல, டவர் போடாத கம்பெனிய யாரும் சொல்லல, கையில கிடைச்சது இருபது வயசு பையன். அத்தைக்கு அன்னிக்கு அம்மாவ பறிகொடுத்த ஆத்திரம், எங்கயாவது இறக்கி வைக்கணும், உன் தலைதான் கிட்ட இருந்துச்சு. சொன்னது சரின்னு சொல்லல, தப்புதான்.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு இதுதான் பெருசா படுது. நீங்க அப்பத்தாவுக்கு சாவு வீடே நடத்தல. மூஞ்சி பாக்கல, ஒப்பாரி இல்ல, கோடி போடல, நெய்ப்பந்தம் புடிக்க வேண்டிய பேரன் வீட்ல தனியா ரூமுக்குள்ள கிடந்த. பதினாறாம் நாள் காரியமும் ஊரடங்குல நாலு பேரோட முடிஞ்சிருச்சு. நம்ம ஊர்ல இதெல்லாம் சும்மா சடங்குன்னு நான் சின்ன வயசுல நினைச்சிருக்கேன், இப்போ அப்படி நினைக்கல. பொணத்த நடுவீட்ல கிடத்தி ஊரே வந்து அழும்போதுதான் மனசுக்கு "ஆள் போயிருச்சு"ன்னு உறைக்கும். அது நடக்கலன்னா மனசு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டு இருக்கும், ஆக்சிமீட்டர மாட்டிக்கிட்டு. இப்போ ஊரடங்கு தளர்ந்திருச்சு. அப்பாகிட்ட சொல்லி ஒரு நாள் பாருங்க, அப்பத்தா படத்துக்கு மாலை போட்டு, அதுக்கு புடிச்சத ஆக்கி படைச்சு, சொந்தக்காரங்க பத்து பேர கூப்பிடுங்க. அத்தையையும் கூப்பிடு. அழ விடுங்க, நீயும் அழு. உங்க அப்பா இந்த மூணு மாசத்துல ஒரு தடவ கூட அழுது நான் பாக்கலன்னு எழுதியிருக்கியே, அவருக்கும் சேத்துதான் சொல்றேன்.

கோடாங்கி விஷயம். அம்மாகிட்ட சண்டை போடாத. அவங்களுக்கு தெரிஞ்ச வழியில அவங்க புள்ளைய காப்பாத்த பாக்குறாங்க. போய் துண்ணூறு பூசிக்கிட்டு வா, கெட்டுப் போகாது. அடிக்கிறது, பட்டினி போடுறது, பெரிய தொகை கேக்குறதுன்னு இருந்தா மட்டும் எந்திரிச்சு வந்துரு. ஆனா அதுக்கு பதிலா அம்மாவும் உன்கூட ஒரு தடவ ஜிஹெச்சுக்கு வரணும்னு ஒப்பந்தம் போடு. மாவட்ட மனநலத் திட்டம் இப்போ தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்துலயும் இருக்கு, மனநல ஓபி எதுன்னு கேட்டா சொல்லுவாங்க, சீட்டுக்கு காசு கிடையாது. பைத்தியம்னு எழுதிருவாங்களோ, பிளேஸ்மென்ட்ல தெரிஞ்சிருமோன்னு பயப்படாத, அந்த சீட்டு உன் கையிலதான் இருக்கும். எனக்கு உன் லெட்டர வச்சு மட்டும் சொல்ல முடியாது, ஆனா பேச்சோட சேத்து சில மாசத்துக்கு ஒரு மாத்திரையும் தேவைப்படலாம்னு தோணுது, அது அந்த பாதி மாத்திரை வகை இல்ல, பழக்கமாகாது.

படிப்ப பத்தி கொஞ்சம்தான் சொல்லுவேன். அண்ணா யுனிவர்சிட்டியோட பிப்ரவரி ஆன்லைன் எக்ஸாம்ல தலைய திருப்பினாலே கேமரா புடிச்சிரும்னு பயந்து பயந்து எழுதி, ரிசல்ட் ஊரெல்லாம் ஊத்திக்கிட்டு, அமைச்சர் மறு தேர்வுன்னு சொல்லி, அத அப்பத்தா போன மறு மாசம் எழுதியிருக்க. அதுல ஒரு பேப்பர் போச்சுன்னு உன்ன நீயே மக்குன்னு சொல்றது அநியாயம். இந்த மாசம் மதுரையில ஒரு பேங்க் இன்டர்வியூ விளம்பரத்துல 2021ல முடிச்சவங்களுக்கு தகுதி இல்லன்னு போட்டிருந்தத நீயும் ஸ்டேட்டஸ்ல பாத்திருப்ப, அது டைப்பிங் மிஸ்டேக்னு அவங்களே அப்புறம் சொன்னத பாத்தியான்னு தெரியல. கொரோனா பேட்ச்னு கிண்டல் பண்றவன் பண்ணட்டும்.

செப்டம்பர் 1 பத்தி. கொரோனா தடுப்பூசி போட்டியா? இந்த 2021ல, பாசிட்டிவ் ஆனவங்க சரியாகி மூணு மாசம் கழிச்சு போடச் சொல்லியிருக்காங்க, உனக்கு அந்த மூணு மாசம் முடிஞ்சிருச்சு. போட்ட அன்னிக்கு ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், காய்ச்சல்ல இதயம் வேகமா அடிக்கும், அப்போ உனக்கு மே மாசம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். அது ஊசிக் காய்ச்சல், ரெண்டு நாள்ல போயிரும்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோ. காலேஜுக்கு திறக்குற அன்னிக்கு நேரா போய் நிக்க வேணாம், அதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த பஸ்ல ஏறி காலேஜ் கேட் வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு திரும்பி வா. படபடப்பு வந்தா கிளாஸ்ல இருந்து வெளிய போய் அஞ்சு நிமிஷம் ஊதிட்டு திரும்பி உள்ள வந்து உக்காரு, வீட்டுக்கு மட்டும் ஓடிராத. மொத நாள் ஓடிட்டா மறுநாள் படி ஏறுறது பத்து மடங்கு கஷ்டம்.

பத்து நாள் கழிச்சு எனக்கு எழுது. பெருசா வேணாம், காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்ச, பேட்டரி அம்மாகிட்ட இருக்கா, ஃப்ரெண்டு போன எடுத்தானா, இந்த மூணும் போதும்.